அத்தாவின் ஹெட்போனுக்குள் சொன்னது

காது கேட்காதவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ரகசியத்தை மட்டும் சொல்ல முடியாது. சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்தினால், ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக இருக்கிற எங்கள் தெருவில், கடைசி வீட்டு ஆடு வரைக்கும் கேட்கும். என்னைப் பெற்ற அத்தாவிடம் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே விஷயம்தான். இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை சீர்காழிக்காரர், வளைகுடாவில் வேலை. பேசி முடித்ததும் எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார். முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான். அப்புறம் எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார், கேமராவைத் திருப்பிக் காட்டு. நான் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் போட்டதுதான், என்ஜின் முன்னே போகும் பின்னே வரும், கேட் மட்டும் திறக்காது. ஒருநாள் அங்கே நிற்கும்போது பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் கையை மடக்கவே இடமில்லை. ஊரில் இறங்கியதும் நானே கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் என்னை ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். "கல்யாணம் ஆவட்டும், உன்னை எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கடைக்காரர் விலை சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளைன்னா அப்படித்தான்டி இருப்பாங்க. ரெண்டு புள்ள பொறந்தா அடங்கிடுவாரு" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் நான் எதைச் சொன்னாலும் கோபத்தில் சொல்கிறேன் என்றே கணக்கு. பெரியத்தாவிடமும் சொன்னேன். அவர் அத்தாவுக்கு அண்ணன், பள்ளிவாசல் ஜமாஅத்தில் பெரிய கை, இந்த வரனைக் கொண்டுவந்தவரே அவர்தான். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து, "பொட்டப்புள்ளைய ரொம்பப் படிக்க வெச்சா இப்படித்தான் பேசும்" என்றுவிட்டு டீயைக் குடித்தார்.

பெண்ணின் தகப்பன் கொடுத்தால்தான் எங்களில் நிக்காஹ். அத்தா கொடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியத்தாவும் இல்லை, ஜமாஅத்தும் இல்லை. அந்த அத்தாவுக்கோ காது கேட்காது.

வளைகுடாவில் பாலைவனத்து நடுவே ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் ஷெட்டில் அவருக்கு வேலை. அந்த டீசல் என்ஜின்கள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. ஊருக்கு வந்தபோது பாதிதான் கேட்டது. அப்புறம் அதுவும் போனது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். மாட்டினால் கீச்சென்று கத்தியது. "சத்தமெல்லாம் வருது, பேச்சுதான் வரல" என்று கழற்றி வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்க அவருக்குக் கூச்சம். அதனால் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி "சரி, சரி" என்பார். என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று பெரியத்தா எதிரே உட்கார்ந்து வாயை அசைத்தார், அத்தா சிரித்துக்கொண்டே தலையாட்டினார், எல்லோரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. எதை நீட்டினாலும் அம்மாவிடம் கொடுத்து, "என்னன்னு பாரு" என்பார். கூட வேலை பார்த்த ஒருத்தி, "பேசாம ஹாஸ்டலுக்கு வந்துடு" என்றாள். போயிருக்கலாம். நான் ஏன் போனேன் என்பதை அத்தாவுக்கு யார் சொல்வது? அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை கத்தியும் பார்த்தேன். கொல்லையில் அத்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதோரம் போய், "எனக்கு இந்தக் கல்யாணம்" என்று ஆரம்பித்ததுமே அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "ஊருக்கே டமாரம் அடிக்கிறியா? மானம் போவுதுடி" என்றாள். அவள் உள்ளங்கையில் பூண்டு வாசனை. அத்தா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "சரி, சரி" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஃபோனில் இயர்போன் மாட்டிப் பேசினால் என்ன என்று தோன்றியது. அத்தா காதில் வைத்து, "ஈ கத்துற மாதிரி இருக்கும்மா" என்றார். அப்போதுதான் லாஃப்டில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது.

அது ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கிற பெட்டி. முகம் முழுக்க வெள்ளி நிறம், விரல் நுனிக்குக் கனமாக உருளும் குமிழ்கள். வளைகுடாவில் ஊருக்குக் கிளம்பிய யாரிடமோ அத்தா வாங்கியது. ஒரே அறையில் பல பேர் முறை வைத்துத் தூங்குகிற இடத்தில் சத்தமாகப் பாட்டு வைக்க முடியாது என்று கூடவே ஒரு பெரிய ஹெட்போனும் வாங்கியிருந்தார். ஊருக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் கேட்டார். கேட்க முடியாமல் போனதும் பழைய புடவையில் சுற்றி மேலே ஏற்றிவிட்டார். பாதி நெல் மூட்டை கனம் இருக்கும். தனியாக இறக்கினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த ஹெட்போனை முதலில் ஃபோனில்தான் ஒரு கனெக்டர் போட்டுச் செருகினேன். எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அவ்வளவு பெரிய ஹெட்போனைத் தள்ளுவதற்கு ஃபோனுக்குத் தெம்பு கிடையாது. ரிசீவர் அப்படியல்ல. பெரிய ஸ்பீக்கர்களை அதிரவைக்கிற அதே சக்தியில் ஒரு பங்கைத் தடுத்து இறக்கித்தான் ஹெட்போன் துளைக்குக் கொடுக்கும். குமிழைத் திருப்பத் திருப்ப வந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தில் மைக்குக்கும் ஒரு துளை இருந்தது. நான் மைக்கில் முணுமுணுத்தால் போதும், அத்தா காதுக்குள் அது பேச்சாகப் போய்ச் சேரும். ஸ்பீக்கர் குமிழை ஆஃபில் வைத்துவிட்டால் வேறு யாருக்கும் ஒரு எழுத்து கேட்காது.

மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை, ஒட்டடை, ஒரு செத்த கரப்பான். எல்லாவற்றையும் துடைத்தேன். குமிழ்களுக்கு லேபிலிருந்து ஸ்ப்ரே கொண்டுவந்து அடித்து, கரகரப்புப் போகிற வரைக்கும் திருப்பினேன். லேபில் சும்மா கிடந்த மைக் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இடது பக்கம் நன்றாக வேலை செய்தது, வலது பக்கம் செத்துவிட்டிருந்தது. அத்தாவுக்கோ வலது காதில்தான் உயிர் மிச்சம். எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரை வீசி எறிந்தேன். பிறகு நானே எடுத்துக்கொண்டு வந்து, மடச்சி, ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் தீர்ந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பேஸைக் குறைத்து டிரெபிளை ஏற்றினேன், அவருக்குக் கேட்காமல் போனவை மேல்சத்தங்கள்தான். பழைய ரிசீவரில் ஸ்விட்ச் போட்டதுமே சத்தம் வராது. தன் உள்ளெல்லாம் சரியா என்று அதுவே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து 'டக்' என்று ஒரு ரிலே விழும். அதற்குப் பிறகுதான் ஹெட்போனுக்குச் சத்தம் போகும்.

அத்தாவை உட்காரவைத்து மாட்டிவிட்டேன். டக் என்றது. "அத்தா, கேக்குதா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்மா கத்துற? மெதுவாப் பேசு" என்றார்.

நான் குமிழைக் குறைத்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என் குரல் தடித்துவிட்டது என்றார், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இருமிக் காட்டச் சொன்னார். நான் இருமினேன், அவர் சிரித்தார். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது, நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. ஒரு மூச்சு விட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "என்னங்க" என்றாள். அத்தா, "சொல்லு" என்றார். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன், வேறென்ன செய்ய.

அன்றிலிருந்து மைக் அம்மாவுடையதானது. இத்தனை காலம் சேர்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் கொட்டினாள். அதில் முக்கால்வாசி மாப்பிள்ளைப் புராணம். "தங்கமான புள்ளைங்க. நம்ம புள்ள குடுத்து வெச்சவ." நான் இறக்கி, நான் துடைத்து, நான் உயிர்கொடுத்த பெட்டி வழியாக என் எதிரிலேயே அத்தா காதில் அது போய்க்கொண்டிருந்தது. அத்தா என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டுவார். இந்த முறை நிஜமாகவே கேட்டுவிட்டு ஆட்டினார். எனக்குப் பெட்டியைத் தூக்கி வாய்க்காலில் போடலாம் போலிருந்தது.

அம்மா என்னைச் சந்தேகப்பட்டாள் என்று நினைக்கிறேன். வெளியே கிளம்பும்போது, "உடைஞ்சிரும்" என்று ஹெட்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒருநாள் மறந்து போய்விட்டாள். பக்கத்துத் தெருவில் மையத்து விழுந்து, சாவு வீட்டுக்கு அவசரமாக ஓடியிருந்தாள். நான் ஓடிப்போய் அத்தாவுக்கு மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு மங்கலாக எரிந்தது. டக் வரவில்லை. ஆறு திறந்துவிட்ட சமயம், சுற்றிலும் நாற்றங்காலுக்கு மோட்டார் ஓடுகிறது, வோல்டேஜ் தரையில் கிடந்தது, அந்தத் தெம்பில் ரிலே விழாது. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். "வா, வா" என்று பெட்டியைத் தட்டினேன், கெஞ்சினேன், "சனியனே" என்று கையால் குத்தினேன். அத்தா ஹெட்போனோடு பொறுமையாக உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் அம்மா திரும்பி வருவது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் கல்யாணம் வைத்தார்கள். மற்றவர்கள் ஆடியில் கல்யாணம் செய்ய மாட்டார்கள், மண்டபமும் சமையல்காரரும் சும்மா இருப்பார்கள் என்று எங்கள் பக்கம் அப்போதுதான் பிடித்துப் போடுவார்கள். நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தாவின் தங்கை, என் மாமி, வந்து தங்கிவிட்டாள். என்னை ஒரு நிமிஷம் தனியே விடவில்லை. அந்த ஆளின் ஃபோன் மட்டும் வந்துகொண்டிருந்தது. எடுக்காவிட்டால் அம்மா எடுத்து என் காதில் வைத்தாள்.

எங்களில் நிக்காஹுக்கு முன்னால் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு பெண் இருக்கிற அறைக்கு வந்து சம்மதம் கேட்க வேண்டும். கேள்வி உண்டு, பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெண் முக்காட்டுக்குள் பேசாமல் இருந்தால் வெட்கம், வெட்கம் என்றால் சம்மதம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள், "சரின்னுட்டா, சரின்னுட்டா" என்று சொல்லிவிடுவார்கள். இதுவரைக்கும் எந்தப் பெண்ணாவது வாய் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரியத்தா வந்து மைக்கைப் பிடித்து அத்தாவிடம், "உனக்குக் காது செரியில்ல. புள்ளகிட்ட நான் போய்க் கேட்டுக்கறேன், நீ பேசாம பந்தல்ல உக்காரு" என்றார்.

அத்தா அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அன்றைக்கு, "இல்லண்ணே" என்றார். "எம் புள்ளைக்கிட்ட நான்தான் கேப்பேன். அது வாயால சொல்றத நான் காதால கேக்கணும். இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

பெரியத்தா சிரித்தார். சரி, ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டார். ஒரு கேள்வி, ஒரு பதில். அந்த இடத்தில் பெட்டி வேலை செய்யாவிட்டால் நான் செத்தேன். வேலை செய்து, என் வாய் திறக்காவிட்டாலும் செத்தேன்.

மண்டபத்து மாடி அறையில் நான். கீழே மாப்பிள்ளை. ஆட்டோவில் பெட்டி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். செருகினால் சுவரில் இருந்த துளை பெரியது, பிளக் உள்ளே நிற்கவில்லை. மைக் செட்காரரிடம் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி வந்தார்கள். அறை முழுக்கப் பெண்கள், குழந்தை அழுகை, கீழே ஸ்பீக்கரில் பைத் பாட்டுச் சத்தம். பெரியத்தாவும் சாட்சிகள் இருவரும் வாசலில் நின்றார்கள். அத்தா புது வேட்டியில் என் எதிரே உட்கார்ந்து, பழக்கமாக, ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டார்.

ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கு மங்கலாக எரிந்தது. டக் வரவில்லை.

"அட, நேரமாவுது, நிக்காஹ் ஓத அஜ்ரத் காத்துக்கிட்டிருக்காரு" என்றார் பெரியத்தா. அத்தாவுக்கு அது கேட்கவில்லை. அவர் குமிழையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் முக்காட்டுக்குள் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், வேறு யாரும் மிச்சமில்லை. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, மொத்தமாகக் கரண்ட் போனது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். பின்பக்கத்தில் மண்டபத்து ஜெனரேட்டர் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பெட்டியின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. டக்.

அத்தா மைக்கை என் முக்காட்டுக்குள் நீட்டினார். இன்னார் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹர்ப் பணத்துக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். குரல் பிசிறியது.

மாமி என் பிடரியில் கைவைத்து அழுத்தினாள். என் தலை குனிந்தது. "சரின்னுட்டா" என்றாள். "சரின்னுட்டா" என்றார்கள் இன்னும் சிலர். "அல்ஹம்துலில்லாஹ், எந்திரி, போவோம்" என்று பெரியத்தா அத்தாவின் தோளைத் தொட்டார்.

அத்தா எழுந்திருக்கவில்லை. "இருங்கண்ணே, எனக்கு ஒண்ணும் வரல" என்றார். குமிழை இன்னும் திருப்பினார். "சொல்லும்மா."

மூக்குக்கு மேல் கோபம் வருகிறவளுக்கு அப்போது ஒரு துளி கோபம் வரவில்லை, பயம் மட்டும் இருந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். மாமிக்குக்கூடக் கேட்டிருக்காது. "வேணாம் அத்தா" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"வேணாம் அத்தா. அந்த ஆளைக் கண்டா எனக்குப் பயமா இருக்கு. குடுக்காதீங்க."

அத்தா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். சாட்சிகளைப் பார்த்து, "புள்ளைக்குச் சம்மதம் இல்ல" என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். "நான் குடுக்கல."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். மாமி தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி அதற்குள் கத்தினாள், மானம் போச்சு என்றாள், சபையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள், என்னங்க, என்னங்க என்று அழுதாள். மடியில் கிடந்த ஹெட்போனுக்குள் அவள் குரல் சன்னமாக வந்துகொண்டிருந்தது. அத்தா அதை எடுத்து மாட்டவில்லை. பெட்டியிலிருந்து ஹெட்போன் பிளக்கை உருவி, வயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தார்.

பெரியத்தா அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி முகத்துக்கு நேரே ஏதேதோ கத்தினார். அத்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எப்போதும்போல் தலையை ஆட்டவில்லை.

"எனக்குக் காது கேக்கலண்ணே" என்றார்.